கமடோர் 64 மறுவாழ்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கமடோர் 64 கணினி 1982-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அதைத் தயாரித்த நிறுவனம் 1994-ல் திவாலானது. ஆனால் அந்தக் கணினிக்கான புதிய சிப்புகள், புதிய போர்டுகள், புதிய விளையாட்டுகள் இன்றும் வந்துகொண்டே இருக்கின்றன. பரணில் கிடந்த ஒன்றைக் கீழே இறக்கியவர்களும், வெளிநாட்டிலிருந்து ஒன்றை வரவழைத்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். கணினியோடு வந்த பழைய பவர் சப்ளையை நீங்கள் இன்னும் சொருகவில்லை என்றால், அதை அப்படியே வைத்துவிட்டு முதலில் மூன்றாவது கேள்வியைப் படியுங்கள்.

நாற்பது வருடப் பழைய கணினி. இதில் அப்படி என்ன இருக்கிறது?

உள்ளே இருப்பது 6510 என்ற 8 பிட் செயலி. வேகம் ஏறக்குறைய 1 மெகாஹெர்ட்ஸ். ரேம் 64 கிலோபைட். போட்டதும் திரையில் "38911" என்று வருவது பேசிக் மொழிக்கு மிச்சமிருக்கும் பைட்டுகள். இதற்கு உயிர் கொடுத்தவை இரண்டு துணைச் சிப்புகள். ஒன்று விஐசி-2 என்ற படச் சிப்: 320-க்கு 200 புள்ளி, 16 நிறம், பின்னணியைத் தொடாமல் தனியே நகர்த்தக்கூடிய 8 ஸ்ப்ரைட்டுகள் (சின்னப் படங்கள்). இன்னொன்று பாப் யானிஸ் வடிவமைத்த சிட் என்ற ஒலிச் சிப். மூன்றே குரல்கள்தான் அதில் உண்டு. ஆனால் இசைக் கருவி செய்யும் எண்ணத்தோடு வடிவமைத்ததால், அக்காலத்து வீட்டுக் கணினிகள் போட்ட பீப் சத்தத்தோடு அதை ஒப்பிடவே முடியாது.

பழுது பார்ப்பவருக்கு இன்னொரு வசதியும் உண்டு. போர்டு முழுக்க பெரிய கால் வைத்த சிப்புகள்தான். சர்க்யூட் வரைபடம் வெளிப்படையாகக் கிடைக்கிறது. ஒரு மல்டிமீட்டரும் நல்ல சாலிடரிங் அயர்னும் இருந்தால் பாதி வேலை வீட்டிலேயே முடியும்.

அசல் கணினி வாங்கலாமா, புதிதாக வருவதை வாங்கலாமா, எமுலேட்டர் போதுமா?

விளையாட மட்டும்தான் ஆசை என்றால் வைஸ் என்ற இலவச எமுலேட்டரில் (பழைய கணினியைப் போலவே நடிக்கும் மென்பொருள்) தொடங்குங்கள். உங்கள் லேப்டாப்பிலேயே ஓடும், மிகத் துல்லியமானது. அதில் ஒரு மாதம் விளையாடியபின்னும் ஆசை குறையவில்லை என்றால் அடுத்ததை யோசிக்கலாம்.

ரெட்ரோ கேம்ஸ் நிறுவனம் 2018-ல் ஒரு குட்டி வடிவத்தையும் 2019-ல் முழு அளவு வடிவத்தையும் வெளியிட்டது. இரண்டின் உள்ளேயும் இருப்பது எமுலேட்டர்தான். குட்டி வடிவத்தின் விசைகள் வெறும் அலங்காரம், அமுங்காது. முழு அளவில் விசைகள் வேலை செய்யும். இரண்டிலும் ஹெச்டிஎம்ஐ உண்டு. பழைய கார்ட்ரிட்ஜோ (நிரல் அடங்கிய சொருகுப் பெட்டி) டிஸ்க் டிரைவோ சொருக இடமில்லை.

அதற்கு மேல் எஃப்பிஜிஏ வகை. இங்கே மென்பொருள் நடிப்பதில்லை. பழைய சிப்புகளின் சுற்றமைப்பையே ஒரு நிரல்படுத்தக்கூடிய சிப்புக்குள் மறுபடி கட்டியிருப்பார்கள். கிதியோன் ஸ்வெய்ட்ஸர் வடிவமைத்த அல்டிமேட் 64 போர்டு பழைய கணினியின் உறைக்குள்ளேயே பொருந்தும். பழைய கார்ட்ரிட்ஜ், பழைய டிரைவ், உண்மையான சிட் சிப் எல்லாம் அதில் சொருகலாம். ஹெச்டிஎம்ஐயும் நெட்வொர்க்கும் கூடவே வரும். 2025-ல் கிறிஸ்டியன் சிம்ப்சன் தலைமையிலான குழு கமடோர் பெயரின் உரிமையை வாங்கியது. அதே ஆண்டு ஜூலையில் அவர்கள் முன்பதிவு திறந்த கமடோர் 64 அல்டிமேட், கிதியோனின் இந்த வடிவமைப்பை அடிப்படையாகக் கொண்டதுதான்.

எங்கள் கருத்தைக் கேட்டால், தினமும் போட்டு உபயோகிக்க எஃப்பிஜிஏ, திறந்து பார்த்துப் பழுது நீக்கிக் கற்றுக்கொள்ள அசல் கணினி. பழுது பார்ப்பதில் விருப்பமே இல்லாதவர் அசலை வாங்கினால் சீக்கிரம் சலித்துப்போவார்.

பழைய பவர் சப்ளையை ஏன் சொருகக் கூடாது? டெஸ்ட் செய்ததில் சரியாகத்தானே காட்டுகிறது?

அந்தக் கறுப்புக் கட்டியிலிருந்து இரண்டு மின்சாரம் வருகிறது: 5 வோல்ட் டிசி, 9 வோல்ட் ஏசி. 5 வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரை டிரான்ஸ்ஃபார்மரோடு சேர்த்து எபாக்ஸி ஊற்றி மூடிவிட்டார்கள். சூடு வெளியேற வழியில்லை. பல வருடம் இப்படி வெந்த ரெகுலேட்டர் கைவிடும்போது, பெரும்பாலும் மின்சாரம் நின்றுபோவதில்லை. 5 என்பது 6, 7 என்று ஏறுகிறது. கணினியின் உள்ளே அந்த 5 வோல்ட் நேராக ரேமுக்கும் மற்ற சிப்புகளுக்கும் போகிறது. நடுவில் எந்தக் காப்பும் கிடையாது. முதலில் சாவது ரேம்.

இன்று மல்டிமீட்டரில் 5.1 காட்டியது நாளை ஒரு மணி நேரம் சூடேறியபின் என்ன காட்டும் என்று யாராலும் சொல்ல முடியாது. சுமை இல்லாமல் அளப்பதும், ஒரு ஆம்பியர் இழுக்கும்போது அளப்பதும் ஒன்றல்ல. ஆகவே "டெஸ்ட் செய்துவிட்டுப் பயன்படுத்தலாம்" என்ற யோசனையை நாங்கள் ஏற்பதில்லை. கட்டியை அலமாரியில் அழகுக்கு வையுங்கள். கணினிக்குப் புதிய சப்ளை வாங்குங்கள் அல்லது செய்யுங்கள்.

பழையதைத்தான் பயன்படுத்தியாக வேண்டும் என்றால், கணினிக்கும் சப்ளைக்கும் நடுவே சொருகும் ஒரு சின்னக் காப்புப் பெட்டி கிடைக்கிறது. 5 வோல்ட் வரி ஏறக்குறைய 5.5-ஐத் தாண்டினால் அது இணைப்பைத் துண்டித்துவிடும்.

அளந்து பார்க்க விரும்புபவர்களுக்கு: 7 முனை பிளக்கில் 5-ஆம் முனை +5 வோல்ட், 2-ஆம் முனை தரை, 6-க்கும் 7-க்கும் இடையே 9 வோல்ட் ஏசி. டிசி 4.75-க்கும் 5.25-க்கும் நடுவில் இருக்க வேண்டும். முனைகளின் எண் வரிசை வட்டமாகச் சுற்றிப் போவதில்லை. படத்தைப் பார்க்காமல் எண்ணாதீர்கள்.

நானே பவர் சப்ளை செய்துகொள்ளலாமா? என்னென்ன வேண்டும்?

செய்யலாம். 230 வோல்ட் பக்கத்தைத் தொட்டுப் பழகியவர் மட்டும். தேவையானவை: 5 வோல்ட், 3 ஆம்பியர் தரமான எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்சிங் வகை பவர் சப்ளை) ஒன்று, 9 வோல்ட், 1 முதல் 1.5 ஆம்பியர் வரை தரும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று. 9 வோல்ட் பக்கத்துக்கு ஒரு ஃபியூஸ். 7 முனை டின் (DIN) பிளக். மெயின்ஸ் வயர் வெளியே தெரியாமல் மூடும் பெட்டி.

தவறு நடக்கும் இடங்கள் மூன்று.

நம் ஊர்க் கடையில் டிரான்ஸ்ஃபார்மர் கேட்டால் பெரும்பாலும் "9-0-9" என்றுதான் எடுத்துக் கொடுப்பார்கள். அதில் நடு வயரையும் ஓர வயர் ஒன்றையும் மட்டும் எடுங்கள். இரண்டு ஓர வயர்களையும் எடுத்தால் 18 வோல்ட். அது போர்டில் உள்ள ரெகுலேட்டர்களையும் கெபாசிட்டர்களையும் பதம் பார்த்துவிடும்.

இரண்டாவது, 9 வோல்ட் ஏசியின் எந்த வயரையும் 5 வோல்ட்டின் தரையோடு சேர்க்காதீர்கள். போர்டின் உள்ளே இருக்கும் பிரிட்ஜ் ரெக்டிஃபையர் வழியாகத்தான் அது தரையைத் தொட வேண்டும். வெளியே சேர்த்தால் ஷார்ட்.

மூன்றாவது, வயரின் கனம். மெல்லிய வயரை 2 மீட்டர் நீளத்துக்கு இழுத்தால் சப்ளையில் 5.0 இருந்தாலும் கணினியில் 4.7 தான் வந்து சேரும். படம் நடுங்கும், நிரல் நடுவில் தொங்கும். போர்டில் ஒரு 4164 ரேம் சிப்பின் 8-ஆம் காலுக்கும் 16-ஆம் காலுக்கும் நடுவே அளந்து பாருங்கள். இந்தச் சிப்பில் 8 தான் +5, 16 தான் தரை. வழக்கமான சிப்புகளுக்கு நேர் எதிர்.

வெறும் 5 வோல்ட் செல்போன் சார்ஜரை மாட்டி ஓட்டலாமா என்றும் கேட்கிறார்கள். 9 வோல்ட் ஏசி இல்லாமல் பழைய நீள போர்டுகளில் படமே வராது. புதிய சின்ன போர்டில் படம் வரும், ஒலி வராது.

அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த கணினி இங்கே ஓடுமா?

கணினி ஓடும். அதனோடு வந்த சப்ளை 120 வோல்ட்டுக்கானது. இந்தியாவிலோ இலங்கையிலோ 230 வோல்ட்டில் சொருகினால் புகைதான். புதிய சப்ளை போட்டபின் அந்தக் கவலை இல்லை. இன்னொரு வேறுபாடு, டிவி சிக்னல் முறை: அமெரிக்க வடிவம் என்டிஎஸ்சி (NTSC), நொடிக்கு 60 படம். ஐரோப்பிய வடிவம் பால் (PAL), நொடிக்கு 50. ஐரோப்பாவில் எழுதப்பட்ட விளையாட்டுகளும் டெமோக்களும் (கணினியின் திறமையைக் காட்டும் பட, இசை நிரல்கள்) பால் கணினியின் நேரக் கணக்கை நம்பி எழுதப்பட்டவை. என்டிஎஸ்சியில் அவற்றின் பாட்டு வேகமாக ஓடும், சில படங்கள் சிதறும். மாற்ற வேண்டுமென்றால் படச் சிப் 6567-ஐ எடுத்து 6569 போட்டு, 14.318 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலுக்குப் பதில் 17.734 போட்டு, போர்டில் உள்ள ஜம்பரையும் மாற்ற வேண்டும். இப்போதுதான் வாங்கப் போகிறீர்கள் என்றால் பால் கணினியாகவே பார்த்து வாங்கிவிடுங்கள்.

விளக்கு எரிகிறது, திரை கறுப்பாக இருக்கிறது. எங்கே தொடங்குவது?

முதலில் டிவி என்ன சொல்கிறது என்று பாருங்கள். "சிக்னல் இல்லை" என்று சொன்னால் படச் சிப்புக்கே மின்சாரமோ கடிகாரத் துடிப்போ போகவில்லை. சிக்னல் இருந்து திரை மட்டும் கறுப்பு என்றால் படச் சிப் ஓடுகிறது, மற்றவற்றில் ஏதோ ஒன்று தடுக்கிறது. இந்த ஒரு வேறுபாட்டிலேயே பாதித் தேடல் மிச்சம்.

சிக்னல் இல்லை என்றால் ஃபியூஸைப் பாருங்கள். போர்டில் பவர் சுவிட்சுக்கு அருகே இருக்கும் 1.5 ஆம்பியர் கண்ணாடி ஃபியூஸ் 9 வோல்ட் ஏசிக்கானது. நீள போர்டுகளில் படச் சிப்புக்கு வேண்டிய 5 வோல்ட்டும் 12 வோல்ட்டும் இந்த ஏசியிலிருந்துதான் தனியாக உண்டாக்கப்படுகின்றன. சிவப்பு விளக்கோ வேறு 5 வோல்ட்டில் எரிகிறது. ஆகவே விளக்கு எரிவதை வைத்து "கரண்ட் வருகிறது" என்று முடிவு கட்டக் கூடாது. கண்ணால் பார்த்து ஏமாறாமல் ஃபியூஸை மீட்டரில் அளந்துவிடுங்கள்.

சிக்னல் இருந்து கறுப்புத் திரை என்றால் சந்தேகப் பட்டியலில் முதலிடம் பிஎல்ஏ சிப்புக்கு. எண் 906114-01. எந்த நேரத்தில் எந்தச் சிப் பேசலாம் என்று தீர்மானிக்கும் போக்குவரத்துக் காவலர் அது. கொதிக்கும் சூட்டில் ஓடுவதால் இந்தக் கணினியில் அதிகம் சாகும் சிப்புகளில் ஒன்று. இதற்குப் பதிலாக 27சி512 ஈப்ராமில் (நாமே எழுதிக்கொள்ளும் நினைவகச் சிப்) எழுதிப் போடும் பழக்கம் உண்டு. மலிவு, ஆனால் நேரத் துல்லியம் போதாமல் சில கார்ட்ரிட்ஜுகளோடு தகராறு செய்யும். சிபிஎல்டி என்ற நிரல்படுத்தக்கூடிய சிப்பின் அடிப்படையில் இப்போது செய்யப்படும் மாற்றுச் சிப்புகளே சரியான வழி. சின்ன போர்டில் இந்த வேலையை 64 கால் சிப் ஒன்று செய்கிறது, அது எளிதில் சாவதில்லை.

அடுத்தது ரேம். நீள போர்டில் எட்டு 4164 சிப்புகள், ஒவ்வொன்றும் ஒரு பிட். இரண்டு நிமிடம் ஓடவிட்டு விரலால் ஒவ்வொன்றையும் தொடுங்கள். மற்றவை வெதுவெதுப்பாக இருக்க ஒன்று மட்டும் சுட்டால் அதுதான் குற்றவாளி. எதுவும் சுடவில்லை என்றால் ரேம் நன்றாக இருக்கிறது என்று பொருளல்ல. மைக்ரான் முத்திரை போட்ட 4264 சிப்புகள் இருந்தால் சந்தேகத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். அவை கெட்ட பெயர் வாங்கியவை. 781220 என்ற எண்ணுள்ள "டெட் டெஸ்ட்" கார்ட்ரிட்ஜ் ஒன்று கையில் இருந்தால் வேலை சுலபம். ரேமும் ரோமும் (நிரந்தரமாக நிரல் பதிந்த சிப்) செத்திருந்தாலும் அது ஓடும். திரை எத்தனை முறை மின்னுகிறது என்பதை வைத்து எட்டில் எது கெட்டது என்று காட்டிக்கொடுக்கும்.

திரை வருகிறது, ஆனால் ஏதோ தப்பாக இருக்கிறது.

நோய்க்குறியை வைத்தே பலவற்றைச் சொல்லிவிடலாம். 38911-க்குப் பதில் வேறு எண் வந்தால் ரேம். கர்சர் மினுக்கவில்லை, விசை எதுவும் ஏறவில்லை என்றால் முதல் சிஐஏ சிப் (6526, உள்ளீடு வெளியீட்டைக் கவனிப்பது). டிஸ்க் டிரைவ் மட்டும் பேசவில்லை என்றால் இரண்டாவது சிஐஏ. இரண்டும் ஒரே சிப்தான். சாக்கெட்டில் இருந்தால் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள், நோயும் இடம் மாறினால் சந்தேகம் தீர்ந்தது. எழுத்துகளின் நிறம் மட்டும் தாறுமாறாக மின்னினால் 2114 நிற ரேம். எழுத்து வடிவமே கட்டம் கட்டமாகச் சிதைந்தால் எழுத்து ரோம். அரை மணி நேரம் நன்றாக ஓடிப் பிறகு தொங்கினால், சிப்பை மாற்றும் முன் சாக்கெட்டில் அழுத்திச் சொருகிப் பாருங்கள். கடற்கரை ஊர்களில் சாக்கெட் முனை கறுத்துப்போவது மிகச் சாதாரணம்.

பழைய கெபாசிட்டர்களை எல்லாம் மாற்ற வேண்டுமா?

வேண்டாம். இந்த யோசனை அமிகா 600, 1200 கணினிகளிலிருந்து வந்தது. அவற்றில் உள்ள ஒட்டு கெபாசிட்டர்கள் கசிந்து போர்டையே தின்றுவிடும். கமடோர் 64-ல் இருப்பவை கால் வைத்த சாதாரண வகை, பெரும்பாலும் இன்றும் நன்றாகவே இருக்கின்றன. பயிற்சி இல்லாத கையால் இருபது கெபாசிட்டர்களைப் பிடுங்கி, போர்டின் செம்புத் தடங்களைக் கிழித்துக்கொண்டு வந்த கணினிகளே அதிகம். உப்பியிருந்தால், கசிந்திருந்தால், அளவில் குறைந்திருந்தால் அதை மட்டும் மாற்றுங்கள்.

சாலிடர் செய்த சிப்பை எடுக்கும்போதும் இதே எச்சரிக்கை. ஈயம் உறிஞ்சும் வசதியுள்ள அயர்ன் இல்லையென்றால், சிப் செத்துவிட்டது என்று உறுதியான பின் அதன் கால்களை மேலிருந்து வெட்டிவிட்டு, ஒவ்வொரு காலாகச் சூடாக்கி எடுப்பதே பாதுகாப்பு. சிப் போனால் வாங்கிக்கொள்ளலாம், போர்டின் தடம் போனால் வயர் இழுத்துத்தான் ஒட்ட வேண்டும். திரும்பப் போடும்போது கட்டாயம் சாக்கெட் வையுங்கள்.

ஒலி வரவில்லை. புது சிட் சிப் எங்கே கிடைக்கும்?

புதிய சிட் சிப் என்று ஒன்று இல்லை. அதைச் செய்த பென்சில்வேனியா ஆலை மூடியே பல ஆண்டுகள் ஆகின்றன. இணையக் கடைகளில் "புத்தம் புதிது" என்று பளபளப்பாக விற்பவை பெரும்பாலும் வேறு ஏதோ 28 கால் சிப்பின் எழுத்தைச் சுரண்டிவிட்டு மேலே 6581 என்று அச்சடித்தவை. பஞ்சில் அசிட்டோன் தொட்டுத் தேய்த்தால் எழுத்து கரைந்து வரும். ஓடும் நிலையில் உள்ள கணினியில் சோதித்துக் காட்டும் விற்பனையாளரிடம் மட்டும் வாங்குங்கள்.

அசலில் இரண்டு வகை உண்டு. 6581 பழையது: 12 வோல்ட், ஒலி கரகரப்பும் கனமும் உள்ளது, அதன் ஃபில்டர் சிப்புக்குச் சிப் மாறுபடும் என்பதால் ஒரே பாட்டு இரண்டு கணினிகளில் இரண்டு விதமாகக் கேட்கும். 8580 பிந்தையது: 9 வோல்ட், தெளிவான ஒலி, ஆனால் ஒலியளவுப் பதிவேட்டை அசைத்துப் பேச்சும் மேளமும் வரவழைக்கும் பழைய தந்திரம் இதில் மெலிந்து ஒலிக்கும். எது சிறந்தது என்ற சண்டை முடியவே முடியாது. எண்பதுகளின் நடுவில் எழுதிய பாட்டுகளுக்கு 6581-ஐத்தான் நாங்கள் தேர்ந்தெடுப்போம்.

ஒன்றின் இடத்தில் மற்றொன்றை அப்படியே சொருகாதீர்கள். 28-ஆம் காலுக்குப் போகும் மின்னழுத்தம் வேறு. 12 வோல்ட்டில் 8580 வெந்துவிடும். ஃபில்டருக்கான இரண்டு கெபாசிட்டர்களும் வேறு: 6581-க்கு 470 பிக்கோஃபாரட், 8580-க்கு 22 நானோஃபாரட்.

இன்று செய்யப்படும் மாற்றுகள்: ஆர்ம்சிட், எஃப்பிஜிஏசிட், ஸ்வின்சிட். முதல் இரண்டும் 6581, 8580 இரண்டைப் போலவும் ஒலிக்கும். ஸ்வின்சிட் நானோ மலிவானது, ஆனால் பேடில், மவுஸ் ஆகியவற்றைப் படிக்கும் வசதி அதில் இல்லை. அந்த வேலையும் சிட் சிப்புடையதுதான் என்பது பலருக்குத் தெரிவதில்லை. மவுஸ் திடீரென நின்றுபோனாலும் சந்தேகிக்க வேண்டியது சிட்டைத்தான்.

இப்போதைய டிவியில் எப்படி இணைப்பது?

பின்புறம் 8 முனை வீடியோ சாக்கெட் இருந்தால் ஒளியையும் நிறத்தையும் தனித்தனியே அனுப்பும் எஸ்-வீடியோ வயர் செய்யலாம்: 1 ஒளி, 2 தரை, 3 ஒலி, 6 நிறம். நிறச் சிக்னல் இன்றைய கருவிகளுக்குச் சற்று அதிகம். 6-ஆம் முனை வயரில் 300 முதல் 330 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகச் சேர்த்தால் நிறங்கள் வழியாமல் நிற்கும். ஆரம்ப காலக் கணினிகளில் 5 முனை சாக்கெட்தான், அவற்றில் காம்போசிட் (எல்லாம் ஒரே வயரில் கலந்து வருவது) மட்டும்.

பல எல்இடி டிவிகள் இந்தச் சிக்னலைத் தப்பாகப் புரிந்துகொள்கின்றன. கமடோர் அனுப்புவது இன்டர்லேஸ் (ஒன்றுவிட்டு ஒரு வரியாக மாறி மாறி வருவது) இல்லாத படம். டிவி அதை இன்டர்லேஸ் என்று நினைத்து வரிகளைக் கலக்கும், ஸ்ப்ரைட் நகரும்போது பல் பல்லாகத் தெரியும். பத்து, இருபது டாலருக்கு விற்கும் ஏவி-யிலிருந்து ஹெச்டிஎம்ஐ மாற்றிகளிலும் இதே நோய்தான். கூடவே விசையை அழுத்தியதற்கும் படம் நகர்வதற்கும் இடையே தாமதம். எஸ்-வீடியோ உள்ளீடு உள்ள ரெட்ரோடிங்க் போன்ற, இதற்கென்றே செய்த கருவி வாங்கினால் இரண்டும் தீரும். வீட்டில் பழைய குழாய் டிவி ஒன்று ஓடிக்கொண்டிருந்தால் தயவுசெய்து அதைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். இந்தக் கணினியின் படம் அதில்தான் மிக அழகு.

விசைகள் சில வேலை செய்யவில்லை.

பெரும்பாலும் தூசிதான். கீழே உள்ள அட்டையில் இருபதுக்கும் மேற்பட்ட சின்னத் திருகுகள் இருக்கும். கழற்றும் முன் ஷிஃப்ட் லாக் விசைக்குப் போகும் இரண்டு வயர்களின் சாலிடரை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் இழுக்கும்போது பிய்ந்துவிடும். 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு அட்டையின் கறுப்புத் தொடுபுள்ளிகளையும் விசைகளின் அடி ரப்பரையும் மெல்ல ஒற்றி எடுங்கள். அழுத்தித் தேய்த்தால் கார்பன் பூச்சு போய்விடும். திருகுகளைப் பிளாஸ்டிக்கில் மிகையாக முறுக்காதீர்கள். ரிஸ்டோர் விசையைப் பட்டென்று தட்டினால்தான் வேலை செய்கிறது என்றால் அது பழுதல்ல. அந்த விசைக்கு மட்டும் வேறு சுற்று, அதன் இயல்பே அப்படி.

மஞ்சளாகிவிட்ட உறையை வெளுக்கலாமா?

வெளுக்கலாம். தீப்பிடிக்காமலிருக்க பிளாஸ்டிக்கில் கலந்த புரோமின் சேர்மங்களுக்கும் மஞ்சளுக்கும் தொடர்புண்டு. ஹைட்ரஜன் பெராக்சைடும் புற ஊதா ஒளியும் சேர்ந்து அதைத் திருப்புகின்றன. அழகு நிலையங்களுக்கு விற்கும் 40 வால்யூம் க்ரீமில் இருப்பது 12 சதவீதப் பெராக்சைடு. க்ரீமைப் பூசினால் காய்ந்த இடம் ஒரு நிறம், காயாத இடம் ஒரு நிறம் என்று திட்டுத் திட்டாகும். ஆகவே நீர்த்த பெராக்சைடு கரைசலில் முழுவதும் மூழ்கவைத்து வெயிலில் வைப்பதே மேல். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். நம் சித்திரை வெயில் இதற்கு அளவுக்கு மீறியது. தண்ணீர் கை பொறுக்காத சூடானால் உறை வளைந்துவிடும், உடனே நிழலுக்கு மாற்றுங்கள். வானவில் முத்திரையை முதலிலேயே கழற்றிவிடுங்கள். சில வருடங்களில் மஞ்சள் திரும்ப வரலாம். பழுப்பு நிறப் பழைய உறைகளில் மஞ்சள் அவ்வளவாகத் தெரியாது, அவற்றைச் சும்மா விடுங்கள்.

டிஸ்க் டிரைவ் இல்லாமல் விளையாட்டுகளை ஏற்ற முடியுமா?

மூன்று வழி. மலிவானது எஸ்டி2ஐஇசி: எஸ்டி கார்டை டிரைவ் போலக் காட்டும். ஆனால் கமடோரின் அசல் டிஸ்க் டிரைவான 1541-இன் உள்ளே அதற்கென்று ஒரு தனிச் செயலி உண்டு; பல விளையாட்டுகள் அந்தச் செயலிக்கே ஒரு நிரலை அனுப்பி வேகமாக ஏற்றிக்கொள்ளும். எஸ்டி2ஐஇசியில் அந்தச் செயலி இல்லாததால் அவை பாதியில் நின்றுவிடும். ஒரே கோப்பாக உள்ள விளையாட்டுகளுக்கு இது போதும்.

இரண்டாவது பை1541. ராஸ்பெரி பை 3-ல் ஓடி, 1541-இன் செயலியைத் துடிப்புக்குத் துடிப்பு நடிக்கும். 3.3 வோல்ட்டுக்கும் 5 வோல்ட்டுக்கும் நடுவே மட்டம் மாற்றும் சின்ன அட்டை கட்டாயம் வேண்டும்.

மூன்றாவது கிதியோனின் 1541 அல்டிமேட் 2+ கார்ட்ரிட்ஜ். டிரைவ், கார்ட்ரிட்ஜ், 16 மெகாபைட் வரை கூடுதல் ரேம் எல்லாம் ஒன்றிலேயே. காசு இருந்தால் இதை வாங்கிவிட்டு மற்றதை மறந்துவிடலாம்.

ஏற்றும் முறை எல்லாவற்றுக்கும் ஒன்றே. லோட் என்று ஆங்கிலத்தில் அடித்து "*",8,1 சேர்த்து ரிட்டர்ன். பட்டியல் பார்க்க லோட் "$",8 கொடுத்துவிட்டு லிஸ்ட். அசல் டிரைவ் நொடிக்கு ஏறக்குறைய 400 பைட் வேகத்தில்தான் தரும். 40 கிலோபைட் விளையாட்டு ஏற 100 விநாடி ஆகும். ஜிஃபிடாஸ் என்ற மாற்று ரோமைக் கணினியிலும் டிரைவிலும் போட்டால் இது பல மடங்கு வேகமாகும்.

பழைய ஃப்ளாப்பிகளில் இருப்பதை எடுத்து வைக்க முடியுமா?

உடனே செய்ய வேண்டிய வேலை இது. காந்தப் பூச்சு வருடத்துக்கு வருடம் மங்கும். ஒவ்வொரு பக்கமும் 683 பிளாக், 174848 பைட் கோப்பாகப் படியெடுக்கலாம். பூஞ்சை பிடித்த டிஸ்கை அப்படியே டிரைவில் போடாதீர்கள்; ஒரு சுற்றிலேயே தலை அழுக்காகி அடுத்த டிஸ்கையும் கீறும். படிக்கும் தலையை ஆல்கஹாலில் துடைத்துவிட்டு அடுத்ததைப் போடுங்கள். புதிதாக எழுத வெற்று டிஸ்க் வாங்கும்போது 1.2 மெகாபைட் வகையைத் தவிருங்கள். அதன் பூச்சுக்கு 1541-இன் எழுதும் திறன் போதாது.

ஜாய்ஸ்டிக்கை ஓடும்போதே மாற்றலாமா?

கூடாது. அந்த முனைகள் நேராக முதல் சிஐஏ சிப்புக்குப் போகின்றன, நடுவில் காப்பு இல்லை. விரலிலிருந்து பாயும் நிலைமின்னே அதைக் கொல்லும். அணைத்துவிட்டு மாற்றுங்கள், முனைகளைத் தொடாதீர்கள்.

இப்போது இதில் நிரல் எழுதத் தொடங்குவது எப்படி?

பேசிக்கில் போக் (POKE) 53280,0 என்று அடித்து ஓரம் கறுப்பாவதைப் பார்த்துவிட்டு, நேராக அசெம்பிளிக்குப் (செயலியின் கட்டளைகளையே எழுதும் மொழி) போங்கள். எழுதுவது உங்கள் லேப்டாப்பில்: கிக் அசெம்பிளர் அல்லது ஏக்மி. சி மொழிதான் பழக்கம் என்றால் ஆஸ்கர்64 என்ற கம்பைலர் நல்ல வேகமாக ஓடும் நிரலைத் தருகிறது. சிசி65 அதைவிடப் பழையது. வைஸ் எமுலேட்டரின் மானிட்டரில் ஒவ்வொரு கட்டளையாக நிறுத்திப் பார்க்கலாம். அங்கே சரியாக ஓடியபின் அசல் கணினியில் போட்டுப் பாருங்கள்.

இதில் தமிழ் எழுத்துகளைக் காட்ட முடியுமா?

முடியும். விஐசி-2 சிப் எழுத்து வடிவங்களை ரேமிலிருந்தும் எடுத்துக்கொள்ளும்; 256 வடிவங்கள், ஒவ்வொன்றும் 8-க்கு 8 புள்ளி, மொத்தம் 2048 பைட். கணக்கிட்டுப் பார்த்தால் 18 மெய்க்கும் அகரம், புள்ளி, இகரம், ஈகாரம், உகரம், ஊகாரம் என ஆறு வடிவம் தனித்தனியாக வேண்டும், அது 108. உயிர் 12, ஆய்தம் 1, கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் கொம்பு 4. ஆக 125. எட்டுப் புள்ளி அகலத்தில் ணகரமும் ஔகாரமும் அடங்காது; இரண்டு கட்டம் கொடுத்தால் 250. இலக்கங்களுக்கே இடம் போதாமல் போகிறது. கிரந்த எழுத்துகளைச் சேர்க்கவே முடியாது.

உயரம்தான் இன்னும் பெரிய சிக்கல். ழூ, ளீ போன்றவை எட்டு வரிக்குள் வாசிக்கும்படி வராது. ஆகவே இந்த எழுத்துக் கட்ட முறையை விட்டுவிட்டு, ஒவ்வொரு புள்ளியாக வரையும் 8000 பைட் பிட்மேப் முறையில் 16 வரி உயர எழுத்துகளை நீங்களே வரைவதுதான் நல்ல பலன் தரும். 125 வடிவத்தையும் 16-க்கு 16 புள்ளியில் வைத்தால் ஒன்றுக்கு 32 பைட், மொத்தம் 4000 பைட்தான். ஔகாரம் போன்ற அகலமான ஓரிரண்டை மட்டும் இரண்டு துண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். திரைக்கு 8000, நிறத்துக்கு 1000, எழுத்துக்கு 4000 போனாலும் உங்கள் நிரலுக்கு இன்னும் நிறைய ரேம் மிச்சமிருக்கும்.